குடிநீரில் புளோரைடு: சேர்ப்பதா, நீக்குவதா?

பற்சிதைவைத் தடுக்கும் நோக்கில் பொதுக் குடிநீரில் புளோரைடு கலக்கும் முறை, 1945-இல் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் தொடங்கியது. அங்கு தற்போது பரிந்துரைக்கப்படும் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். பல் மருத்துவரை அணுக வசதியற்றோரையும் சென்றடைவது இதன் பலம். எனினும், புளோரைடு பற்பசை பரவலான பின்னர் பலன் குறைந்துவிட்டதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன. 2025-இல் யூட்டா மாகாணம் இம்முறைக்குத் தடை விதித்தது.

இந்தியாவில் நிலைமை நேர்மாறானது. பாறைகளிலிருந்து கரைந்து நிலத்தடி நீரில் கலக்கும் புளோரைடே இங்கு சிக்கல். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் புளோரோசிஸ் பாதிப்பு 1937-இலேயே பதிவானது. முதலில் பற்களில் கறை படியும். ஆண்டுக்கணக்கில் அந்நீரையே அருந்துவோருக்கு மூட்டுகள் இறுகி, முதுகு வளைந்து, நடமாட்டமே முடங்கலாம். முற்றிய பாதிப்பை மருந்தால் மீட்க இயலாது.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 1.5 வரை அனுமதி உண்டு. வெயிலில் உழைப்போர் அதிக நீர் பருகுவதால், அவர்களுக்கு இந்த வரம்பும் தாராளமானதே.

படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து புளோரைடைப் படியவைக்கும் நல்கொண்டா முறை செலவு குறைந்தது. ஆனால் நாள்தோறும் அளவறிந்து கலக்கவும், சேறு அகற்றவும் ஆள் தேவை. சிற்றூர்களில் அதுவே கடினம்.

ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் அதைப் பரிசோதிப்பது அவசியம். கொதிக்க வைப்பதால் புளோரைடு நீங்காது. நீர் ஆவியாவதால் செறிவு கூடவே செய்யும்.