என்.எம்.டி.ஏ. ஏற்பி எதிர்ப்பு மூளையழற்சி

நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த மூளையையே தாக்குவதால் வரும் அரிய நோய். நரம்பணுக்களின் மேற்பரப்பிலுள்ள என்.எம்.டி.ஏ. ஏற்பிகளில் ஆன்டிபாடிகள் ஒட்டிக்கொள்ள, ஏற்பிகள் அணுவுக்குள் இழுக்கப்பட்டுக் குறைந்துபோகின்றன. நினைவும் நடத்தையும் நிலைகுலைகின்றன. ஆனால் நரம்பணுக்கள் பெரும்பாலும் சாவதில்லை. ஆன்டிபாடி நீங்கினால் ஏற்பிகள் மீண்டும் பெருகும். பார்க்க இவ்வளவு கொடியதாக இருந்தும் இந்நோய் குணமாவது அதனால்தான்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் டல்மாவ் குழுவினர் 2007இல் இதன் காரணத்தை விளக்கினர். அவர்கள் ஆராய்ந்த 12 பெண்களுக்கும் டெரட்டோமா என்ற கட்டி இருந்தது, பெரும்பாலும் சூலகத்தில். முடி, பல், நரம்புத் திசு எல்லாம் இக்கட்டிக்குள் வளரக்கூடும். அந்த நரம்புத் திசுவை எதிர்க்கக் கிளம்பும் ஆன்டிபாடிகள் மூளையையும் விட்டுவைப்பதில்லை. எனினும் கட்டியே இல்லாத நோயாளிகள்தான் அதிகம். ஹெர்பிஸ் மூளையழற்சி வந்து சில வாரங்களுக்குப் பின் சிலருக்கு இது தொடங்குகிறது. பெரும்பாலும் இளம்பெண்களையும் குழந்தைகளையும் பாதிக்கிறது. மனிதருக்கு மட்டும் உரியதுமல்ல: 2011இல் குளத்தில் விழுந்து இறந்த பெர்லின் விலங்குக்காட்சிச் சாலைப் பனிக்கரடி க்னூட்டுக்கும் இதே நோய் இருந்ததென 2015இல் தெரியவந்தது.

தொடக்கம் சாதாரணக் காய்ச்சல், தலைவலி போலிருக்கும். சில நாட்களில் தூக்கமின்மை, பயம், சந்தேகம், இல்லாத குரல் கேட்பது. நோயாளி மனநல மருத்துவரிடம் போய்ச் சேர்வது இயல்பே. அங்கேயே தங்கிவிடுவதுதான் ஆபத்து. முன்பு மனநோயே இல்லாத இளவயதினருக்குத் திடீரென மனம் பிறழ்ந்து, கூடவே வலிப்பு, வாயும் நாக்கும் தானாக அசைதல், பேச்சுக் குறைதல், உடல் விறைத்தல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் மூளையழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். பின்னர் இதயத் துடிப்பும் மூச்சும் தடுமாறித் தீவிர சிகிச்சைப் பிரிவு தேவைப்படலாம்.

2009இல் இந்நோயால் பாதிக்கப்பட்ட நியூயார்க் போஸ்ட் நிருபர் சூசன்னா கஹலனுக்கு எடுத்த ஸ்கேன்கள் இயல்பாகவே இருந்தன. மதுப்பழக்கமே காரணம் என்றுகூட ஒரு மருத்துவர் கருதினார். நரம்பியல் மருத்துவர் சுஹேல் நஜ்ஜார் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். எல்லா எண்களையும் வலப்பக்கத்திலேயே எழுதினார் கஹலன். மூளையின் வலப்பாதியில் கோளாறு என்பதற்கு அந்தத் தாளே சான்றாயிற்று.

எம்.ஆர்.ஐ. பாதிக்கு மேற்பட்டோருக்கு இயல்பாகவே இருக்கும். அதை நம்பி நோயில்லை என்று சொல்லக்கூடாது. மூளை மின்னலைப் பதிவான இ.இ.ஜி. பெரும்பாலும் மாறுபட்டிருக்கும். உறுதி செய்வது தண்டுவட நீரில் காணும் ஆன்டிபாடிதான். இரத்தத்தை மட்டும் சோதித்தால் சிலரிடம் நோய் தப்பிவிடும். முடிவு வரும்வரை காத்திருக்கவும் கூடாது: கிருமித் தொற்று இல்லையெனத் தெளிந்து, அறிகுறிகளும் பொருந்தினால் சிகிச்சையைத் தொடங்கலாம்.

முதலில் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, பொதுவாக நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் சில நாட்கள் சிரை வழியாக. அதோடு இம்யூனோகுளோபுலின் அல்லது பிளாஸ்மா மாற்றம். கட்டி இருந்தால் விரைவில் அகற்ற வேண்டும். பலன் இல்லையெனில் ரிடுக்சிமாப், சைக்ளோபாஸ்பமைடு. மனநோய் மருந்துகளில் சில விறைப்பைக் கூட்டுவதால் கவனம் தேவை.

577 நோயாளிகளைப் பற்றி 2013இல் வெளியான ஆய்வில், 2 ஆண்டு முடிவில் 81 விழுக்காட்டினர் நல்ல நிலையில் இருந்தனர். முன்கூட்டியே சிகிச்சை பெற்றோர் கூடுதலாகத் தேறினர். மீட்சி மெதுவானது, நினைவாற்றலும் திட்டமிடும் திறனும் கடைசியில்தான் திரும்பும். 12 விழுக்காட்டினருக்கு 2 ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியது.