முறை

ஒரே வைஃபையில் இரண்டு கருவிகள் ஒரே கணத்தில் அனுப்பினால் இரண்டு தரவும் சிதையும். இதைச் சரிசெய்வதை ‘மோதல் தீர்வு’ என்கிறோம். மோது என்பதன் அடிப்பொருள் தாக்குதல், இடித்தல். அலை பாறையில் மோதும். இன்றோ மோதல் என்றால் பகையும் கைகலப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. வைஃபையில் பகை ஏது? மோதியபின் யார் எவ்வளவு காத்திருப்பது என்பதே சிக்கல். கருவி ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரை ஏதோ ஓர் எண்ணை எடுத்து, அது தீரும்வரை காத்திருக்கும். மோதினால் வரம்பு 31, 63 என இரட்டித்து 1023 வரை போகும். அனுப்பி முடித்த கருவியோ மீண்டும் 15க்குத் திரும்பிவிடும். வென்றதே மறுபடியும் வெல்ல வாய்ப்பு மிகுதி. மோதல் தீர்ந்தது, நியாயம் கிடைக்கவில்லை. அந்த நியாயத்தையும் சேர்த்துச் சொல்லும் சொல் ‘முறை’. ‘அடுத்து உன் முறை’ என்றால் வரிசை. முறை வைத்துத் தண்ணீர் விட்டால் பங்கீடு. முறைப்பெண் என்றால் உறவு. திருக்குறளில் அரசன் வழங்கும் நீதி. அது தவறினால் முறையீடு. முறை வைக்க நடுவர் வேண்டும், இங்கே நடப்பது குலுக்கல்தானே என்று மறுக்கலாம். வரம்பு எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் குலுக்கலும் முறையே. 1994இல் வந்த ‘மக்காவ்’ நெறிமுறை இதைத்தான் செய்தது: ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் காத்திருப்பு வரம்பை எழுதி, கேட்கும் கருவிகள் அதையே ஏற்கச் செய்தது. எனவே ‘முறைவைப்பு’ என்பதே பொருந்தும் என்பேன். நியாயத்தைத் தனி அடைமொழியாக ஒட்ட வேண்டியதில்லை.