மனுவிலிருந்து படகுக்கு: வெள்ளாங்குளக் கரையில் அரசியல் உணர்வு வளர்ந்த வழி

மன்னார்–பூநகரி வீதியில் வடக்கு நோக்கிப் போனால் மன்னார் மாவட்டம் ஏறத்தாழ வெள்ளாங்குளத்தோடு முடிந்துவிடும். அடுத்து வருவது கிளிநொச்சி மாவட்டத்து முழங்காவில். அதன் கரையில் இரணைமாதா நகர். மாவட்ட எல்லை கச்சேரிக் கோப்பில்தான் இருக்கிறது. கடற்றொழில், கத்தோலிக்க வழிபாடு, இடப்பெயர்வு ஆகிய மூன்றாலும் இது ஒரே கரை. 2018 ஏப்ரல் 23ஆம் திகதி இக்கரையிலிருந்து மக்கள் படகுகளில் வெள்ளைக்கொடி கட்டிப் புறப்பட்டார்கள். 1992இல் தாங்கள் விட்டுவந்த இரணைதீவில், கடற்படையின் அனுமதிக்குக் காத்திராமல் போய் இறங்கினார்கள். மனுக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் போய் இறங்கியவர்களாக மாறியது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கட்சி அழைத்த காலம்

வடக்கு கிழக்கின் முதற்பெரும் வெகுசனப் போராட்டம் 1961 பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தமிழரசுக் கட்சி தொடங்கிய சத்தியாக்கிரகம். சிங்களத்தை நிர்வாக மொழியாக நடைமுறைப்படுத்துவதற்கு எதிரான அந்த மறியல் மன்னார்க் கச்சேரிக்கும் பரவியது. ஏப்ரலில் அவசரகாலச் சட்டத்தோடு அது ஒடுக்கப்பட்டது. கோரிக்கை, இடம், நாள் ஆகியவற்றைக் கட்சி தீர்மானித்தது. மக்கள் அழைப்பை ஏற்று வந்தார்கள். ஆனால் அரசின் வாசலில் கும்பலாக உட்கார்ந்து வேலையை நிறுத்த முடியும் என்ற பழக்கம் அன்று ஊன்றியது. கட்சி ஒதுங்கிய பிறகும் அந்தப் பழக்கம் நின்றது.

போர்க்காலத்தில் மக்கள் தாமாக ஒன்றுகூடும் வெளி சுருங்கியது. திரண்ட கூட்டத்தில் எது விருப்பம், எது கட்டளை என்று பிரித்தறிவது ஆய்வாளருக்குக் கடினம். 2008 ஆகஸ்ட் தொடக்கத்தில் வெள்ளாங்குளம் இராணுவத்தின் வசமானது. வன்னி மேற்கின் மக்கள் கிழக்கே நகர்ந்து நகர்ந்து, 2009 மே மாதத்தின் பின் செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டார்கள்.

அரசின் எண்ணைக் கொண்டே கேட்டல்

போருக்குப் பின் வந்த முதற்பாடம் கணக்குப் பாடம். 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தார். போரின் இறுதிக்கட்டத்துக்கு முன் வன்னியில் இருந்தவர்களாகக் கச்சேரிகள் காட்டிய தொகைக்கும், பின்னர் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்களின் தொகைக்கும் இடையே 1,46,679 பேர் வித்தியாசம் என்று எடுத்துக்காட்டி, அவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அதன் ஆற்றல் அரசின் பதிவேட்டையே சாட்சியாக நிறுத்தியதில் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக அழுதுகொண்டிருந்த துயரம் பொதுக் கேள்வி ஆனது அப்படித்தான்.

கொட்டகை என்ற பள்ளிக்கூடம்

2017இல் போராட்ட அலை எழுந்தது. ஜனவரி 31இல் கேப்பாப்பிலவின் பிலக்குடியிருப்பு மக்கள் தங்கள் காணியைக் கேட்டு விமானப்படை முகாமின் முன் அமர்ந்தார்கள். பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சியில் அமர்ந்தார்கள். மார்ச் 23இல், 2007இல் வெளியேற்றப்பட்ட முள்ளிக்குளத்து மக்கள் மன்னாரின் தெற்கே போராட்டத்தைத் தொடங்கினார்கள். 100 ஏக்கரை விடுவிப்பதாக ஏப்ரல் 29இல் கடற்படை இணங்கியது. இரண்டு நாள் கழித்து, மே 1இல், இரணைமாதா நகரில் இரணைதீவு மக்களின் போராட்டக் கொட்டகை எழுந்தது.

இந்த நாள்களின் வரிசை தற்செயலானதன்று. ஓர் ஊர் பெற்றதை அடுத்த ஊர் படித்துக்கொண்டது. இப்போராட்டங்களில் முன்னின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள், பங்குத்தந்தையரும் சிவில் அமைப்பினரும் துணைநின்றார்கள், கட்சிக்காரர் விருந்தினர். கோரிக்கையும் மாறியிருந்தது. மொழி, சுயாட்சி என்ற பெருஞ்சொற்களின் இடத்தில் என் காணி, என் பிள்ளை, என் கடல் என்ற கைக்கெட்டும் சொற்கள் வந்தன. இதை அரசியல் சுருங்கியதாகக் கருதுவது தவறு. வர்க்க உணர்வு வெளியிலிருந்து ஊட்டப்படுவதன்று, அனுபவத்தில் மனிதர்கள் தாமே ஆக்கிக்கொள்வது என்றார் ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன். இரணைமாதா நகரில் அந்த அனுபவத்தின் பெயர் காத்திருப்பு. ஏறத்தாழ ஓராண்டு கொட்டகையில் உட்கார்ந்தவர்களுக்கு, பிரதேச செயலகம் எதைச் செய்யலாம், அமைச்சு எதைச் சொல்லும், கடற்படை எதற்கு மசியும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். தீவில் செபமாலை மாதா கோயில் சிதைந்து நின்றது. கரையோரம் நண்டும் கடலட்டையும் இருந்தன. சட்டப்படி அங்கே போகத் தடை எது என்று எவரும் தெளிவாகக் காட்டவில்லை. அந்தத் தெளிவின்மையே படகை அவிழ்த்தது. இறங்கியவர்களை அரசு வெளியேற்றவில்லை. பின்னர் தங்கவும் தொழில் செய்யவும் இணங்கியது.

இன்னொருவரின் துயரம்

எந்த விழிப்புக்கும் ஒரு சோதனை உண்டு: அது பிறர் வலியை எப்படிப் பார்க்கிறது? 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றிய வரலாறு இக்கரைக்கும் உரியது. 2021 மார்ச் தொடக்கத்தில், கொவிட்டால் இறந்த முஸ்லிம்களின் உடல்களை இரணைதீவில் புதைக்கலாம் என அரசு அறிவித்தது. கொவிட்டால் இறந்தோரின் உடல்களைக் கட்டாயமாக எரித்ததால் புண்பட்ட சமூகத்தையும், கால்நூற்றாண்டுக்குப் பின் மண்ணை மீட்ட சமூகத்தையும் எதிரெதிரே நிறுத்திய அறிவிப்பு அது. தீவு மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். உடல்கள் ஓட்டமாவடிக்குச் சென்றன. இதை மதவெறுப்பு என்று படிக்குமுன், அதற்கு ஒரு மாதம் முன்பு பொத்துவிலிலிருந்து பொலிகண்டிக்கு நடந்த பேரணியின் கோரிக்கைகளுள் கட்டாய எரிப்பை நிறுத்துவதும் ஒன்றாயிருந்ததையும், முஸ்லிம்கள் அதில் சேர்ந்து நடந்ததையும் அருகே வைத்துப் பார்க்கவேண்டும். எவரை அடக்கம் செய்வது என்பதை விட, ஊரைக் கேளாமல் தீர்மானித்தவர் யார் என்பதே தீவின் வாதத்துக்கு அடிப்படை.

முடிவு

1961இல் மக்கள் அழைப்புக்கு வந்தார்கள். 2011இல் அவர்கள் சார்பில் கணக்குக் கேட்கப்பட்டது. 2017இல் பறிபோனதைத் திருப்பித் தரச் சொன்னார்கள். 2018இல் போய் எடுத்துக்கொண்டார்கள். 2025இல் மன்னார்த் தீவில் புதிய காற்றாலைகளுக்கு எதிராகத் தமிழரும் முஸ்லிம்களும் திரண்டபோது கோரிக்கை இன்னும் ஒரு படி நகர்ந்திருந்தது. இழந்ததைக் கேட்பதோடு நில்லாமல், இனி நடக்கப்போவதில் தங்கள் சொல்லுக்கு இடம் கேட்டார்கள். மனுவுக்கும் படகுக்கும் பிறகு இக்கரை கற்றிருக்கும் மூன்றாவது பாடம் அதுதான்.