நமுனுகுல: உள்ளூராட்சியும் பாடசாலைகளும்

நமுனுகுல என்பது இலங்கையின் ஊவா மாகாணம், பதுளை மாவட்டத்தில் நமுனுகுல மலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டப் பகுதி. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட நெடுங்காலம் தடையாக இருந்தது. வாக்களித்த தொழிலாளரின் லயன் குடியிருப்புகளுக்குப் பாதையும் குடிநீரும் தோட்ட நிருவாகத்தின் தயவிலேயே கிடைத்தன. இவ்வநீதி 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சட்டத்தளவில் நீங்கியது. எனினும் நிலம் தோட்டக் கம்பனிகளின் குத்தகையில் இருப்பதால், பணிகளுக்கு அவற்றின் ஒத்துழைப்பு இன்றும் தேவை. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த பிரதேச சபைகளுக்கு 2025 மே 6இல்தான் தேர்தல் நடந்தது.

தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசுடைமையாகத் தொடங்கின. இன்று பெரும்பாலானவை மாகாண நிருவாகத்தில் உள்ளன. ஊவா மாகாண சபை 2019 முதல் தேர்தலின்றி ஆளுநரின்கீழ் இயங்குவதால், ஆசிரியர் பற்றாக்குறையை முறையிடப் பெற்றோருக்கு மாகாணப் பிரதிநிதிகள் இல்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கமே அவர்களுக்கு நேரடியாக எஞ்சிய மன்றம். அதை வலுப்படுத்துவது அவசியம்.