ஆச்சியின் ஓட்டு

2016ஆம் வருஷம் ஜூன் மாதம் 25ஆம் தேதி காலையில் செங்கோட்டைப் பஜாரில் ஒரு டீக்கடைப் பெஞ்சியில் என் சின்னத் தாத்தாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த சமயம். மேற்கே மலையின் தலை மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. சின்னத் தாத்தாவுக்கு அப்போதே எண்பது தாண்டிவிட்டது. ஆனாலும் பத்திரிகையைத் தாமே படிப்பார். படித்ததைப் பெஞ்சியில் இருப்பவர்களுக்கும் உரக்க வாசித்துக் காட்டுவார். பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு விலகுவதா, இருப்பதா என்று அந்நாட்டு ஜனங்கள் ஓட்டுப் போட்ட செய்தி அன்று முதல் பக்கத்தில் வந்திருந்தது. விலகலாம் என்றவர்கள் 51.9 சதவிகிதம், இருக்கலாம் என்றவர்கள் 48.1 சதவிகிதம்.

சின்னத் தாத்தா பத்திரிகையை மடித்தார்.

"பாத்தியாலே, ஒவ்வொருத்தன் கையிலும் ஒரு சீட்டைக் குடுத்து, இருக்கியா போறியான்னு கேட்டிருக்கான். நம்மகிட்ட எவன் கேட்டான்?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் குடும்பத்தின் சரித்திரமே அந்த ஒரு கேள்வியில் அடக்கம் என்பது எனக்குத் தெரியும்.

செங்கோட்டைக்கு வருகிறவர்கள் ஊர் வாயிலில் ஒரு பழைய வளைவைப் பார்த்திருக்கலாம். அதில் திருவிதாங்கூர் ராஜ்யத்தின் சங்கு முத்திரை இன்னும் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா காலத்தில் திருவிதாங்கூரோடு சேர்ந்த இந்த ஊர், 1956 வரையில் மலைக்கு அப்பாலிருந்துதான் ஆளப்பட்டது. கிழக்கே கூப்பிடு தூரத்தில் தென்காசி. அங்கே வெள்ளைக்காரன் ராஜ்யம், இங்கே மகாராஜா ராஜ்யம். அங்கே அணா, இங்கே சக்கரம். அங்கே தபால், இங்கே அஞ்சல். இன்று தமிழ்நாடு முழுவதும் தபாலுக்கு வழங்குகிற 'அஞ்சல்' என்ற வார்த்தை, அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம் தனக்கென்று நடத்தி வந்த தபால் இலாகாவின் பெயர். 1951இல்தான் அது இந்தியத் தபால் இலாகாவோடு கலந்தது.

மனிதன் போட்ட ஏற்பாடு இப்படி இருக்க, தண்ணீரின் ஏற்பாடு வேறாக இருந்தது. செங்கோட்டை மலையில் பெய்கிற மழை குண்டாறாகவும் அனுமன் நதியாகவும் இறங்கிச் சிற்றாற்றில் சேர்கிறது. சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. மகாராஜாவின் மலையில் விழுந்த மழை, திருநெல்வேலிச் சீமையின் வயலில்தான் போய்ப் பாய்ந்தது. கணக்குப் பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் அல்ல. திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய பத்திரங்களைப் பிரித்துப் பாருங்கள். கொல்லம் ஆண்டு போட்டிருக்கும். ராஜ்யம் இரண்டானாலும் வருஷம் ஒன்றாகவே ஓடியிருக்கிறது. 1904இல் கொல்லத்துக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ரயிலும் ஓடத் தொடங்கிவிட்டது.

1947இல் திருவிதாங்கூர் திவான் சர் சி. பி. ராமசாமி அய்யர், வெள்ளைக்காரன் போனதும் சமஸ்தானம் தனி நாடாகும் என்று அறிவித்தார். அந்த எண்ணம் சில வாரங்களுக்கு மேல் தாங்கவில்லை. சமஸ்தானம் இந்தியாவில் சேர்ந்தது. 1949 ஜூலை 1ஆம் தேதி கொச்சியோடு இணைந்து திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம் ஆயிற்று. அப்போது தமிழ்த் தாலுகாக்களில் ஒரு கேள்வி பலமாக எழுந்தது. கோர்ட்டிலும் கச்சேரியிலும் மலையாளம்; கலெக்டரைப் பார்க்க வேண்டுமானால் செங்கோட்டைக்காரன் மலையேறி இறங்கிக் கொல்லம் போக வேண்டும்; இந்த ராஜ்யத்தில் நாம் ஏன் இருக்க வேண்டும்? 1945இல் தொடங்கிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், மார்ஷல் நேசமணியின் தலைமையில் இந்தக் கேள்வியை ஊர் ஊராக எடுத்துச் சென்றது. ஒன்பது தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. அவற்றில் செங்கோட்டையும் ஒன்று.

எங்கள் வீட்டில் இந்த வாதம் திண்ணைக்கு ஒரு கட்சியாக நடந்தது. என் தாத்தா புனலூரில் சர்க்கார் பள்ளிக்கூட வாத்தியார். சின்னத் தாத்தா அப்போது மீசை அரும்பிய வாலிபர். தென்காசிச் சந்தையில் ஒரு நெல் வியாபாரியிடம் கணக்கெழுதிக் கொண்டிருந்தார்.

தாத்தாவின் கட்சியைத் தள்ளிவிட முடியாது. "கோயில் கதவை எல்லாச் சாதிக்கும் 1936லேயே திறந்துவிட்டது திருவிதாங்கூர். மதுரையில் திறக்க 1939 ஆயிற்று. பள்ளிக்கூடம் எந்த ராஜ்யத்தில் அதிகம் என்று எண்ணிப் பார். வெறும் பாஷைக்காக இதையெல்லாம் விட்டுவிட்டு ஓடுவதா?" என்பார். தம்முடைய உத்தியோகமும் பென்ஷனும் என்ன ஆகும் என்ற கவலையும் அவருக்கு உண்டு. அதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

சின்னத் தாத்தாவின் பதில் ஒரே வரி: "நல்ல பாஷையில வைய முடியாத சர்க்காரு என்ன சர்க்காரு?" சர்க்காரைத் தாய்மொழியில் திட்டுவதற்கு உரிமை வேண்டும் என்பது அவருடைய அரசியல் சித்தாந்தம். இன்றுவரை அதைவிடத் தெளிவாக மொழிவாரி ராஜ்யத்துக்கு ஆதாரம் சொன்னவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் இரவு சாப்பாட்டின்போது வாதம் முற்றிவிட்டது. பரிமாறிக்கொண்டிருந்த ஆச்சி மெதுவாக ஒரு கேள்வி கேட்டாளாம்: "கோடு போட்டுட்டா, ஆரியங்காவுக்கு ரயில் சார்ஜு கூடுமா?"

ஆச்சியின் அக்காள் வாழ்க்கைப்பட்டிருந்தது ஆரியங்காவில். செங்கோட்டையில் ரயில் ஏறினால் பகவதிபுரம், அதற்கப்புறம் ஒரு நீண்ட குகை. குகையைத் தாண்டி வெளிச்சம் வந்ததும் அக்காள் ஊர். ஆச்சியின் கேள்வியைக் கேட்டு அண்ணன் தம்பி இருவரும் சிரித்தார்கள். இரண்டு கட்சியும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று அப்பா சொல்லுவார். பதில் மட்டும் இருவருமே சொல்லவில்லை.

1954 பிப்ரவரியில் திருவிதாங்கூர்-கொச்சியில் பொதுத் தேர்தல் வந்தது. சட்டசபையில் 117 இடங்கள். பெயரளவில் அது மந்திரிசபை அமைக்கிற தேர்தல்தான். ஆனால் தமிழ்த் தாலுகாக்களில் ஜனங்கள் அதை இருப்பதா, போவதா என்ற ஓட்டாகவே பாவித்தார்கள். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸுக்கு 12 இடங்கள் கிடைத்தன. பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கு 19தான். ஆயினும் காங்கிரஸின் தயவில் அந்தக் கட்சியைச் சேர்ந்த பட்டம் தாணு பிள்ளை முதல் மந்திரியானார்.

அந்தக் காலத்து ஓட்டு முறையை இளைய வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். இப்போது போல ஒரே சீட்டில் முத்திரை குத்துவதோ, பொத்தானை அமுக்குவதோ கிடையாது. மறைவுக்குள்ளே ஒவ்வொரு அபேட்சகருக்கும் ஒரு தனிப் பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். சீட்டை எந்தப் பெட்டியில் போடுகிறோமோ அவருக்கு ஓட்டு. ஆச்சியைத் தாத்தா ஒரு பெட்டிக்குத் தயார் செய்தார். சின்னத் தாத்தா இன்னொரு பெட்டிக்குத் தயார் செய்தார். ஆச்சி போனாள், வந்தாள். "எதுல போட்டே?" என்று இருவரும் கேட்டார்கள். "பெட்டியிலதான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த வருஷம் ஆகஸ்டு 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் ஊர்வலம் வந்தவர்கள் மேல் போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. சுட்டது ஒரு சோஷலிஸ்ட் சர்க்காரின் போலீஸ் என்பதை அக்கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியாவினாலேயே பொறுக்க முடியவில்லை. தம்முடைய கட்சி மந்திரிசபையே ராஜிநாமாச் செய்ய வேண்டும் என்றார். செய்தி செங்கோட்டைக்கு வந்த அன்று தாத்தா சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து அவர் திருவிதாங்கூரின் பெருமையைப் பேசுவதை விட்டுவிட்டார். தம்பியோடு பேசுவதையும் விட்டுவிட்டார். முதலாவது மனம் மாறியதற்கு அடையாளம்; இரண்டாவது அதை ஒப்புக்கொள்ள மனமில்லாததற்கு அடையாளம்.

இதற்குள் டில்லியில் ராஜ்யப் புனரமைப்புக் கமிஷன் உட்கார்ந்துவிட்டது. பஸல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் என்று மூன்று பேர். பணிக்கர் மலையாளி; தமிழர் ஒருவரும் இல்லை என்பது இங்கே பலருக்கு மனத்தாங்கல். 38,000 மைல் சுற்றினார்கள். 9,000 பேருக்கு மேல் கண்டு பேசினார்கள். 1,52,250 மனுக்களும் காகிதங்களும் வந்து குவிந்தன. 1955 செப்டம்பர் 30ஆம் தேதி அறிக்கை கொடுத்தார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்தும் சென்னைக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு. பணிக்கர் மலையாளியாக இருந்தும் இந்த ஐந்தைக் கொடுக்கக் கையெழுத்திட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மனுக் கொடுக்கலாம், சாட்சி சொல்லலாம். ஆனால் ஓட்டு இல்லை. ஏன்? நம்முடைய அரசியல் சட்டத்தின் 3ஆவது ஷரத்தின்படி ராஜ்யங்களின் எல்லையை மாற்றுகிற அதிகாரம் பார்லிமெண்டுக்கு. சம்பந்தப்பட்ட சட்டசபையின் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும். ஜனங்களை நேரே கேட்க வேண்டும் என்று அதில் இல்லை.

நம் நாட்டில் அப்படிக் கேட்டதே இல்லையா என்றால், உண்டு. அதே 1954ஆம் வருஷம் அக்டோபர் 18ஆம் தேதி புதுச்சேரிக்கு அடுத்த கீழூரில், பிரெஞ்சு ஆட்சியை விட்டு இந்தியாவோடு சேர்வதா என்று ஓட்டெடுத்தார்கள். சேரலாம் என்றவர்கள் 170 பேர். வேண்டாம் என்றவர்கள் 8 பேர். ஆனால் ஓட்டுப் போட்ட 178 பேரும் ஜனப் பிரதிநிதிகள். சாதாரண ஜனங்கள் வெளியேதான் நின்றார்கள். 1967 ஜனவரி 16ஆம் தேதி கோவாவில், மகாராஷ்டிரத்தோடு சேர்வதா தனியே இருப்பதா என்று சகல ஜனங்களையும் கேட்டார்கள். தனியே இருக்க 1,72,191 ஓட்டு. சேர்ந்துவிட 1,38,170 ஓட்டு. கோவா தனியே நின்றது.

கோவாக்காரனைக் கேட்டவர்கள் செங்கோட்டைக்காரனைக் கேட்டிருக்கக் கூடாதா? வெகு காலம் எனக்கும் இந்தக் குறை இருந்தது. சின்னத் தாத்தாவிடம் அன்று டீக்கடையில் அதைச் சொன்னேன். "கேட்டிருந்தா ஜெயிச்சிருப்போம்லே" என்றார். அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஜெயித்த பிறகு?

பிரிட்டனில் அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தோம். வட அயர்லாந்தில் 55.8 சதவிகிதம் பேர் இருக்கலாம் என்றுதான் ஓட்டுப் போட்டார்கள். ஆனாலும் மொத்தக் கணக்கில் விலகத்தான் வேண்டியிருந்தது. அயர்லாந்தின் வயல்களுக்கு நடுவே போகிற எல்லையில் சுங்கச் சாவடி வருமா, வராதா என்ற கேள்வி, ஓட்டு எண்ணி முடிந்த பிறகு வருஷக்கணக்காக அவர்களைப் பிடித்து ஆட்டியது. 2020 ஜனவரி 31ஆம் தேதி பிரிட்டன் விலகியது. அந்தக் கேள்வி அப்போதும் விலகவில்லை. அது வேறொன்றுமில்லை, எங்கள் ஆச்சியின் கேள்விதான். கோடு போட்டுவிட்டால் ரயில் சார்ஜு கூடுமா?

1956 நவம்பர் 1ஆம் தேதி எங்கள் ஊரில் கோடு விழுந்தது. மற்ற நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி ஜில்லா ஆயின. செங்கோட்டை திருநெல்வேலி ஜில்லாவில் சேர்ந்தது. மலைக்கு மேற்கே இருந்த ஆரியங்காவுப் பக்கம் கேரளத்தில் நின்றுவிட்டது. சின்னத் தாத்தா வளைவின் கீழே நின்று மிட்டாய் வழங்கினார். தாத்தாவின் பள்ளிக்கூடம் புனலூரில். ஆகவே அவர் கேரள சர்க்கார் வாத்தியாராகவே இருந்து ஓய்வு பெற்றார். போகக் கூடாது என்று வாதாடியவர் போகவில்லை. அவருடைய வீடுதான் போய்விட்டது. சனிக்கிழமை சாயங்காலம் குகை தாண்டித் தமிழ்நாட்டுக்கு வருவார். திங்கட்கிழமை விடிகாலையில் கேரளத்துக்குப் போவார்.

அண்ணன் தம்பிப் பேச்சு மறுபடி தொடங்கியது எப்படி? ஒரு சனிக்கிழமை தாத்தா வீட்டுக்குள் நுழைந்தபோது, ஆச்சி இரண்டு பேருக்கும் அடுத்தடுத்து இலை போட்டு வைத்திருந்தாள். "ரெண்டு பேருமே நான் ஒங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்னு நெனைச்சுக்கிட்டுச் சாப்பிடுங்க" என்றாளாம். அவ்வளவுதான். அவள் எந்தப் பெட்டியில் போட்டாள் என்று தெரிந்திருந்தால், அந்த இரண்டு இலைகளில் ஒன்று காலியாக இருந்திருக்கும்.

செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது சரிதான். அதில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஜனங்களைக் கேட்டுச் செய்திருந்தால் இன்னும் சரி என்றும் நினைக்கிறேன். ஆனால் கேட்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஓட்டுக்கு உண்மையான பலம் அதை எண்ணுவதில் மட்டும் இல்லை. மறைத்து வைப்பதிலும் இருக்கிறது. எண்ணிக்கை ஒரு நாளில் முடிந்துவிடும். தோற்றவனும் ஜெயித்தவனும் மறுநாள் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வேண்டும். யார் எந்தப் பெட்டியில் போட்டான் என்று தெரியாதவரைக்கும் வாளியைக் கைமாற்றிக் கொடுப்பதில் கஷ்டம் இல்லை.

கோட்டினால் ரயில் சார்ஜு கூடவில்லை. ஆச்சி தன் கடைசிக் காலம்வரை அக்காள் வீட்டுக்கு அந்த ரயிலில் போய் வந்தாள். அவள் காலத்துக்கு வெகு நாளைக்குப் பிறகு, 2010இல் அகலப் பாதை போடுவதற்காக மலை ரயிலை நிறுத்தினார்கள். எட்டு வருஷம் அந்தக் குகை வெறிச்சென்று கிடந்தது. 2018இல் மறுபடி ரயில் விட்டதும் சின்னத் தாத்தாவை அழைத்துக்கொண்டு போனேன். குகை தாண்டியதும் வெளிச்சம் வந்தது. "ஆச்சி எதுல போட்டிருப்பா, தாத்தா?" என்று கேட்டேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே ஆரியங்காவைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத்தாம்லே" என்றார்.

தாத்தா உயிரோடிருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார்.