பெருங்காமநல்லூர்: நினைவுத்தூணும் தேசத்தின் நினைவும்

தேனியிலிருந்து ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து உசிலம்பட்டிப் பக்கம் இறங்கினால், சேடபட்டி வட்டாரத்து மானாவாரி நிலங்களுக்கு நடுவே பெருங்காமநல்லூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரு நினைவுத்தூண் உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 3ஆம் நாள் சுற்றுவட்டார மக்கள் அங்கே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். அந்த நாளின் நூற்றாண்டு 2020இல் வந்தபோது நாடே ஊரடங்கில் இருந்தது. நூறு ஆண்டுகள் காத்திருந்த நினைவுக்கு அன்றும் பெரிய கூட்டம் வாய்க்கவில்லை.

1920 ஏப்ரல் 3 அன்று இவ்வூரில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குற்றப் பழங்குடிகள் சட்டத்தின்கீழ் ஊரார் தம் பெயரையும் கைரேகையையும் பதிவு செய்ய வேண்டும் என்று அதிகாரிகள் வந்தார்கள். ஊர் மறுத்தது. ஆயுதப் போலீஸார் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டார்கள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன இடத்தில்தான் மாயக்காள் கொல்லப்பட்டாள் என்றும், உடல்களை வண்டியில் ஏற்றி உசிலம்பட்டிக்குக் கொண்டுபோய் ஒரே குழியில் புதைத்தார்கள் என்றும் அவ்வட்டாரத்தின் வாய்மொழி நினைவு கூறுகிறது.

அந்த மறுப்பின் பொருள் விளங்க வேண்டுமானால், அந்தச் சட்டம் மனிதரிடம் எதைக் கேட்டது என்று பார்க்க வேண்டும். 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய இச்சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்த வடிவில் சென்னை மாகாணத்துக்கு வந்தது. பிறமலைக் கள்ளர் வாழ்ந்த ஊர்களில் முதலில் கீழக்குயில்குடி போன்ற ஓரிரண்டும், 1918 வாக்கில் அச்சமூகம் முழுவதும் இதன் பிடிக்குள் வந்தன. ஒருவன் திருடினானா என்ற கேள்வியே இச்சட்டத்துக்குத் தேவைப்படவில்லை. அவன் யாருக்குப் பிறந்தான் என்பதே போதுமானதாக இருந்தது. பதிவு செய்யப்பட்ட ஆண்கள் குறித்த வேளையில் ஆஜராகித் தம் இருப்பைக் காட்ட வேண்டும். இரவைத் தம் வீட்டில் கழிக்கும் உரிமையும் பலருக்கு இல்லை. வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். சட்டத்தின் நீண்ட ஆங்கிலப் பெயரை விட அந்த ஒற்றைச் சொல் அதன் உள்ளடக்கத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறது.

இன்றைய தேனி மாவட்டம் அன்று மதுரை மாவட்டத்தின் பகுதி. 1996இல்தான் அது தனியே பிரிந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் பல தலைமுறைகளாக உழுது வாழ்ந்த பிறமலைக் கள்ளர் குடும்பங்களுக்கும் இவ்வரலாறு பொதுச் சொத்து. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களின் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அக்காலத்தின் மற்றொரு எச்சம். அந்தப் பள்ளிகள் எத்தனையோ பிள்ளைகளைக் கரையேற்றின என்பது உண்மை. எனினும், பழுதானதைத்தான் சீரமைப்பார்கள். ஒரு சமூகமே பழுதானது என்ற பழைய தீர்ப்பு அந்தப் பெயர்ப்பலகையில் ஒளிந்திருப்பதையும் நாம் காண வேண்டும்.

பெருங்காமநல்லூரைத் தென்னகத்து ஜாலியன்வாலாபாக் என்று சொல்வது வழக்கம். இரண்டுக்கும் இடைவெளி, ஓராண்டுக்குப் பத்து நாள் குறைவு. அமிர்தசரஸில் 1919 ஏப்ரல் 13 அன்று இறந்தவர் 379 என்று அரசுக் கணக்கு சொல்லிற்று. ஆயிரத்தை ஒட்டும் என்று காங்கிரஸ் விசாரணை சொல்லிற்று. அந்த எண்ணிக்கையோடு பதினாறை ஒப்பிடுவதற்கில்லை. ஆனால் நினைவின் கதையை ஒப்பிடலாம். சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம் 1951இல் ஜாலியன்வாலாபாக் தேசிய நினைவகச் சட்டத்தை இயற்றியது. அங்கு எழுந்த நினைவுச்சின்னத்தை 1961இல் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் திறந்து வைத்தார். பெருங்காமநல்லூருக்கு அப்படியொரு சட்டம் வாய்க்கவில்லை.

காரணம் தூரம் மட்டுமன்று. அமிர்தசரஸில் மாண்டவர்களைத் தம்மவர் என்று தேசம் உடனே உரிமை கொண்டாடியது. பெருங்காமநல்லூரில் மாண்டவர்கள் மீதோ அரசாங்கம் முன்பே 'குற்றவாளி' என்ற முத்திரையைக் குத்தியிருந்தது. முத்திரை குத்தப்பட்டவன் சுடப்படும்போது கேள்வி கேட்பவர் குறைவு. அக்காலத்தில் அவர்களுக்காக நின்றவர்களில் மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் முதன்மையானவர். செங்கன்னூரில் பிறந்த அந்த மலையாளக் கிறித்தவரை இம்மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். பின்னாளில் முத்துராமலிங்கத் தேவர் இச்சட்டத்துக்கு எதிரான போராட்டத்தை முன்னெடுத்தார். 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952 ஆகஸ்டு 31 அன்று நாடு முழுவதிலும் சட்டம் நீங்கியது.

ஆகவே இத்தூணுக்குத் தேசிய அங்கீகாரம் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. எதை அங்கீகரிப்பது என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் கேள்வி.

அங்கீகாரமே மறதியாக மாறிய வரலாறு உலகில் உண்டு. கீவ் நகரின் பாபி யார் பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரு நாட்களில் நாஜிகள் 33,771 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். இந்த எண் கொன்றவர்களின் அறிக்கையிலேயே இருக்கிறது. பல்லாண்டுகள் அங்கு நினைவுச்சின்னம் எதுவுமில்லை. 1961இல் யெவ்துஷென்கோவின் கவிதை அம்மௌனத்தை உலகறியச் செய்தது. 1976இல் சோவியத் அரசு பிரம்மாண்டமான நினைவுச்சின்னம் ஒன்றை எழுப்பியது. ஆனால் அதன் கல்வெட்டில் 'சோவியத் குடிமக்கள்' இருந்தார்கள், யூதர்கள் இல்லை. எதற்காகக் கொல்லப்பட்டார்களோ அதைச் சொல்லாமலே அவர்களுக்கு அஞ்சலி செலுத்தப்பட்டது. யூதர்களுக்கென்று அவ்விடத்தில் ஒரு சின்னம் எழ 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு, நாஜிகளால் அழிக்கப்பட்ட ரோமா, சிந்தி மக்களுடையது. போர் முடிந்த பின்னும், 1956இல், மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. 1943க்கு முன் அம்மக்கள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் இன ஒடுக்குமுறை அல்ல, குற்றத் தடுப்பே என்றது அத்தீர்ப்பு. இழப்பீட்டுக்கான வழி அவர்களுக்கு அடைபட்டது. அது இனப்படுகொலை என்று ஜெர்மன் அரசு ஒப்புக்கொண்டது 1982இல். பெர்லினில் அவர்களுக்கு நினைவிடம் திறக்கப்பட்டது 2012இல். கொன்றவர்களின் ஆட்சி வீழ்ந்த பின்னும் அவர்கள் குத்திய முத்திரை நீதிமன்றத்தின் நாவில் உயிரோடிருந்தது.

பெருங்காமநல்லூரை இனப்படுகொலை என்று நாம் சொல்லவில்லை. அளவிலும் நோக்கிலும் அவை வேறு வேறு. ஆனால் பிறப்பே குற்றம் என்ற எண்ணம் ஒன்றுதான். பாபி யாரில் நிகழ்ந்த பெயர் அழிப்பு இங்கும் நிகழக்கூடும். மாண்ட பதினாறு பேரையும் 'விடுதலைப் போராட்டத் தியாகிகள்' என்ற பொதுச் சொல்லில் அடக்கி ஒரு பளிங்குக் கல்லை நாட்டிவிடுவது எளிது. அது பொய்யாகாது, ஆனால் பாதி உண்மை. அவர்கள் முதலில் மறுத்தது தங்களைப் பற்றி அரசு எழுதிய ஒரு வரியை. அந்த வரி கல்வெட்டில் இடம்பெறாவிட்டால் அவர்களுடைய மறுப்பும் இடம்பெறாது.

மறுபுறமும் ஓர் ஆபத்து உண்டு. நினைவிடம் ஒரு சாதியின் பெருமித விழாவாக மட்டும் சுருங்கிவிடலாம். ரேகைச் சட்டம் பிறமலைக் கள்ளரை மட்டும் தொட்டதன்று. தமிழகத்தில் குறவர் உள்ளிட்ட பல சமூகங்களும், நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட சமூகங்களும் அதில் சிக்கின. விடுவிக்கப்பட்ட அந்த ஆகஸ்டு 31ஐ வடக்கே பல சமூகத்தார் 'விமுக்த தினம்' என்று கொண்டாடுகிறார்கள். பெருங்காமநல்லூரின் தேசியத் தன்மை இங்கேதான் இருக்கிறது. சட்டம் தேசம் முழுமைக்குமானது. அதை உயிர் கொடுத்து மறுத்த ஊரும் தேசம் முழுமைக்குமானதே.

சட்டம் போயிற்று, நிழல் போகவில்லை. அதனிடத்தில் பல மாகாணங்களில் வழக்கமான குற்றவாளிகள் சட்டங்கள் வந்தன. சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பது செல்லாது என்று 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் காணும் பழக்கத்தையும் கண்டிக்க வேண்டியிருந்தது. சட்டம் நீங்கி 72 ஆண்டுகள் கழித்தும் அதைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே நம் கவலை.

மதுரை வட்டாரத்துக் கள்ளர் வாழ்வை நம் இலக்கியம் அறியாமலில்லை. 2011இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' அம்மக்களை இலக்கிய வாசகர்களின் நடுவே கொண்டு வந்தது. ஒரு சமூகத்தைப் போலீஸ் பதிவேட்டின் கண்களால் பார்க்காமல் அதன் சொந்தக் கண்களால் பார்க்க நாவல் நமக்குக் கற்றுத் தரும். அரசு கற்றுக்கொள்ள ஒரு கல்வெட்டு வேண்டும்.

அதில் பதினாறு பெயர்கள் இருக்கட்டும். அவற்றுக்கு மேலே அந்தச் சட்டத்தின் பெயர், அது பிறந்த ஆண்டு, ஒழிந்த ஆண்டு, அது சுமத்திய பழி பொய் என்ற ஒரு வாக்கியம் ஆகியவையும் இருக்கட்டும். அந்த வாக்கியத்தை இந்தியக் குடியரசு தன் பெயரால் எழுத வேண்டும். ஊர் அதை 1920இலேயே சொல்லிவிட்டது.