வீட்டுக்குள் ஓர் இருப்புப்பாதை: மாதிரி இரயில் கலையின் வரலாறும் அது கற்பிப்பதும்



வரலாற்றைப் பற்றிய இவ்வுரையை ஓர் எளிய கணக்கோடு தொடங்க விரும்புகிறேன். ஒரு மைல் நீளமுள்ள இருப்புப்பாதையை எழுபத்தாறில் ஒரு பங்காகச் சுருக்கினால் அதன் நீளம் ஏறத்தாழ 21 மீட்டர் ஆகும். நம் அடுக்குமாடி வீடுகளில் ஓர் அறை நான்கு மீட்டர் நீளம் இருந்தாலே பெரிது. ஆகவே, அடுத்தடுத்த இரண்டு இரயில் நிலையங்களை அளவு சிறிதும் மாறாமல் தம் வீட்டுக்குள் அமைக்க நினைப்பவர், அளவுநாடாவை எடுத்த முதல் நாளிலேயே தடுமாறிவிடுவார். எதையேனும் விட்டாக வேண்டும். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது, விட்டதை எவ்வாறு ஒப்புக்கொள்வது?

வரலாறு எழுதுவோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் கேள்வியும் இதுவே. நூறு ஆண்டுகளை நூறு பக்கங்களுக்குள் அடக்குபவரும் சுருக்குகிறார்; தேர்கிறார்; விடுகிறார். பொம்மையாகத் தோன்றிய மாதிரி இரயில், மறைந்துபோன ஊர்களைக் காக்கும் ஆவணமாக வளர்ந்த கதையை இந்தக் கேள்வியைத் துணைகொண்டு காண்போம்.

பொம்மையும் பொதுவளவும்

இரயில் வண்டிகள் ஓடத் தொடங்கிய காலந்தொட்டே பொம்மை இரயில்களும் இருந்தன. ஆயினும், ஒருவர் செய்த வண்டி மற்றொருவர் செய்த தண்டவாளத்தில் ஓடாது. ஒவ்வொரு பட்டறைக்கும் ஓர் அளவு. 1891ஆம் ஆண்டு லைப்சிக் வசந்தகாலச் சந்தையில், ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரைச் சேர்ந்த மெர்க்லின் நிறுவனம் விசைச்சுருளால் இயங்கும் இரயிலை எட்டு வடிவப் பாதையில் ஓட்டிக் காட்டியது. இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலத்தைக் கேஜ் என்பர். அந்த அகலங்களுக்கு எண்கள் இட்டு, வரையறுத்த அளவுகளில் பாதைகளை விற்றதே அந்நிறுவனம் செய்த அரும்பணி. இவ்வாண்டு ஒரு வட்டப் பாதையை வாங்கிய குடும்பம், அடுத்த ஆண்டு ஒரு கிளைப் பாதையையும் அதற்கடுத்த ஆண்டு ஒரு நிலையத்தையும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். பொதுவளவு பிறந்தபோதுதான் பொம்மை பாதையாக நீளத் தொடங்கியது.

அக்கால அளவுகள் பெரியவை. கேஜ் 1 என்பதன் அகலம் 45 மில்லிமீட்டர். கேஜ் 0 என்பதன் அகலம் 32 மில்லிமீட்டர். 1920இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஹார்ன்பி இரயில்கள் பூஜ்ய அளவில் வெளிவந்தன. அந்த அளவில் ஒரு வட்டத்தை அமைத்தாலே அறை நிறைந்துவிடும். ஊரையோ ஆற்றையோ வைக்க இடமிராது. 1922இல் நூரன்பெர்க் நகரின் பிங் நிறுவனம் 16.5 மில்லிமீட்டர் அகலத்தில் மேசை மீது ஓடும் இரயிலைக் கொண்டுவந்தது. 1935இல் டிரிக்ஸ், மெர்க்லின் ஆகியவையும், 1938இல் ஹார்ன்பி நிறுவனமும் ஏறத்தாழ அதே அகலத்தில் மின்சார இரயில்களை வெளியிட்டன. பாதை பாதியாகச் சுருங்கியது. மீந்த இடத்தில் நிலம் நுழைந்தது.

ஓர் அளவுப் பிழையின் கதை

உலகின் பெரும்பாலான இரயில்கள் ஓடும் பொதுத்தரப் பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். அதை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கினால் 16.5 மில்லிமீட்டர் வரும். ஐரோப்பியக் கண்டத்திலும் அமெரிக்காவிலும் இவ்விகிதமே நிலைத்தது. இதற்கு ஹெச்-ஓ என்று பெயர். பூஜ்ய அளவில் பாதி என்பது பொருள்.

பிரிட்டனில் ஓர் இடர் எழுந்தது. அந்நாட்டுச் சுரங்கங்களும் பாலங்களும் குறுகியவை என்பதால் அங்குள்ள இரயில் எஞ்சின்களும் உருவில் சிறியவை. எண்பத்தேழில் ஒரு பங்காக்கினால் அக்கால மின்மோட்டார் எஞ்சினின் உடலுக்குள் அடங்கவில்லை. எனவே உற்பத்தியாளர்கள் உடலை மட்டும் பெரிதாக்கி, ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்னும் கணக்கில், அதாவது ஏறத்தாழ எழுபத்தாறில் ஒரு பங்காகச் செய்தனர். பாதையை மாற்றாமல் 16.5 மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டனர். அந்தக் கணக்கின்படி சரியான அகலம் 18.83 மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் சொச்சம்தானே என்று தோன்றலாம். உண்மைப் பாதையில் அது ஏறத்தாழ 18 செண்டிமீட்டர் குறைவுக்குச் சமம். நேரெதிரே நின்று பார்த்தால் வண்டி ஒடுங்கிய கால்களில் நிற்பது தெரியும்.

இப்பிழையைப் பொறுக்காத சிலர் தண்டவாளத்தைத் தம் கையாலேயே 18 மில்லிமீட்டர் அகலத்தில் அமைத்தனர். பின்னர் 18.83 மில்லிமீட்டரிலேயே துல்லியமாக அமைத்தவர்களும் உண்டு. எனினும், பிரிட்டனில் இன்றும் பெரும்பாலோர் பயன்படுத்துவது பழைய 16.5 மில்லிமீட்டர் பாதையைத்தான். கடையில் கிடைக்கும் வண்டி அதில் ஓடும். நண்பர் கொண்டுவரும் வண்டியும் ஓடும். வசதிக்காகச் செய்த ஒரு சமரசம், பலர் பின்பற்றியதால் மரபாகிவிட்டது. வரலாற்றில் இத்தகைய மரபுகள் ஏராளம். அவற்றைப் பின்பற்றுவது குற்றமன்று. அவை எதன்பொருட்டுத் தோன்றின என்பதை மறப்பதே குறை.

நிலமும் ஊரும்

தொடக்கக் காலத்தவர் கண்களுக்கு எஞ்சினே எல்லாமாக இருந்தது. தட்டைப் பலகை மீது பளபளக்கும் வண்டி சுற்றிச் சுற்றி ஓடும். இப்பார்வையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஜான் ஆஹெர்ன். 1930களின் பிற்பகுதியிலிருந்து அவர் தம் லண்டன் வீட்டில் 'மேடர் வேலி' என்னும் கற்பனைக் கிளைப்பாதையை அமைத்தார். துறைமுகச் சிற்றூர், ஆலை, விடுதி, வயல்வெளி ஆகியவற்றினூடே ஒரு சிறு இரயில் மெல்லச் செல்லும். ஊரின் பெயர் கற்பனையே. கட்டடங்கள் பலவும் இங்கிலாந்தின் வெவ்வேறு இடங்களில் உண்மையாகவே நின்றவை. இரயில் ஊருக்காக ஓடுகிறது என்னும் எளிய உண்மையை அப்பலகை காட்டியது.

அதே காலத்தில் மற்றொருவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். 1925இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த ராய் இங்லண்ட், 'வேல் ஆஃப் ஒயிட் ஹார்ஸ்' பள்ளத்தாக்கின் கூரை வேய்ந்த குடிசைகளைக் கண்டு மனம் பறிகொடுத்தார். அவை ஒவ்வொன்றாக அழிவதையும் கண்டார். அவரால் அவற்றைத் தடுத்து நிறுத்த இயலாது. அளந்து, குறித்து, எழுபத்தாறில் ஒரு பங்காகச் செய்து வைக்க இயலும். 1954இல் அவர் நிறுவிய பெண்டன் அருங்காட்சியகம் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் இன்றும் இயங்குகிறது. 1961இல் ஆஹெர்ன் மறைந்தபின் அவருடைய மேடர் வேலியும் அங்கேயே இடம்பெற்றது. ஓர் இல்லத்தின் பொழுதுபோக்கு இவ்வாறு ஒரு நாட்டின் நினைவுப் பொருளாயிற்று.

மறைவிடமும் காலமும்

வீட்டுப் பாதை எங்கோ ஓரிடத்தில் முடிந்தாக வேண்டும். அதற்கப்பால் என்ன? கிறிஸ்துவச் சமயகுருவான பீட்டர் டென்னி, பக்கிங்ஹாம் ஊருக்கு ஒரு கற்பனைக் கிளைப்பாதையை அரை நூற்றாண்டுக்கும் மேலாக வளர்த்தார். இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டைக் காட்டும் பாதை அது. பாதையின் ஒரு முனை பார்வையாளர் கண்ணுக்குப் படாத ஒரு மறைவு யார்டில் முடியும். காட்ட இயலாத ஊர்கள் அனைத்துக்கும் அந்த யார்டே நின்றது. வண்டிகளை அங்கிருந்து குறித்த நேரத்தில் அனுப்பி உதவிய தம் மகன் வளர்ந்து வீட்டைவிட்டுச் சென்றதும், அந்த வேலையைச் செய்ய ஒரு தானியங்கிப் பொறியை உருவாக்கி, அதற்கு மகன் பெயரையே சூட்டினார் அத்தந்தை.

அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் மான்ட்டரே நகரில், ஜான் ஆலன் என்னும் ஒளிப்படக் கலைஞர் தம் வீட்டு அடித்தளத்தில் தரையிலிருந்து கூரை வரை மலைகளை எழுப்பினார். பின்னால் இருப்பவற்றைப் படிப்படியாகச் சிறிதாக்கியும் கண்ணாடிகளை மறைத்து வைத்தும் சிறிய அறையைப் பெருநிலமாகத் தோன்றச் செய்தார். தூரம் சுருங்கினால் பயண நேரமும் சுருங்கும் அல்லவா? ஆகவே அவரும் அவரைப் போன்றோரும் விரைந்தோடும் கடிகாரத்தை வைத்துக் கால அட்டவணைப்படி வண்டிகளை இயக்கினர். 1973ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் ஆலன் காலமானார். சில நாள்களிலேயே தீவிபத்தில் அப்பாதையின் பெரும்பகுதி எரிந்துபோனது. இன்று நாம் அதை அறிவது பெரும்பாலும் அவரே எடுத்து வைத்த ஒளிப்படங்களால்தான். ஆவணத்துக்கும் ஓர் ஆவணம் தேவை என்பதை அந்தத் தீ உணர்த்திற்று.

நம் மண்ணின் பாதை

இனி, நம் மாணவர் ஒருவர் வீட்டில் ஒரு பாதையை அமைக்க விரும்புகிறார் என்று கொள்வோம். பலகையை அறுக்குமுன் அவர் விடையிறுக்க வேண்டியவை மூன்று: எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த அளவு?

தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குச் சென்ற பாதையை அவர் தேர்ந்தெடுக்கட்டும். மலாயாவின் முதல் இருப்புப்பாதை அதுவே; 1885 ஜூன் முதல் நாள் திறக்கப்பட்டது. இலங்கைப் பயனியர் படையினர் அதனை அமைத்தனர். பிற்காலத்தில் மலாயா இரயில்வேயின் தண்டவாளப் பணியிலும் நிலைய அலுவலகங்களிலும் தமிழர் பலர் உழைத்ததை நாம் அறிவோம். பாதையின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். எண்பத்தேழில் ஒரு பங்கு என்றாலும் ஏறத்தாழ 150 மீட்டர். ஆகவே ஈற்று நிலையத்தை மட்டும் வைத்துக்கொண்டு, தைப்பிங்கை மறைவு யார்டுக்குள் அனுப்ப வேண்டும். வளைவுகளிலும் விட்டுக்கொடுக்க வேண்டும். வீட்டில் நாம் இடும் 45 செண்டிமீட்டர் ஆர வளைவு, உண்மையில் 39 மீட்டர் ஆர வளைவுக்குச் சமம். அவ்வளவு கூர்மையாக உண்மை இரயில் திரும்பாது. அதை ஒரு குன்றின் பின்னோ தோப்பின் பின்னோ மறைப்பது வழக்கம்.

அளவில் மட்டும் அவர் விழிப்பாக இருத்தல் வேண்டும். மலாயாவின் பாதை மீட்டர் கேஜ். எண்பத்தேழில் ஒரு பங்கு என்னும் கணக்கில் அதற்கு ஏற்றது, சுவிட்சர்லாந்தின் மலை இரயில்களுக்காக விற்கப்படும் 12 மில்லிமீட்டர் பாதை. கடையில் எளிதில் கிடைக்கிறதே என்று 16.5 மில்லிமீட்டர் பாதையை இட்டால், நம் இரயில் 435 மில்லிமீட்டர் கூடுதலாக அகன்ற அயல்நாட்டுப் பாதையில் ஓடியதாகிவிடும். பிரிட்டனில் நேர்ந்த பிழையை மறுபக்கமிருந்து செய்தவர் ஆவோம்.

போர்ட் வெல்ட் இன்று கோலா செப்பெத்தாங் என வழங்குகிறது. தண்டவாளங்கள் இல்லை. நிலையத்தின் பெயர்ப்பலகை நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் அதில் ஊர்ப்பெயர் எழுதப்பட்டுள்ளது. பதினைந்து செண்டிமீட்டர் உயரமுள்ள ஓர் எழுத்து எண்பத்தேழில் ஒரு பங்கானால் இரண்டு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. அறைக்கு நடுவில் நிற்பவர் கண்ணுக்கு அது ஒரு கோடாகவே தெரியும். நேரமில்லை, தூரிகை பெரிது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று அந்த ஒரு வரியை விட்டுவிடுவது எளிது.

தூரத்தை விடலாம், வளைவை மறைக்கலாம், தைப்பிங்கைத் திரைக்குப் பின்னால் வைக்கலாம். இவை இடமின்மையால் விடுபவை. கேட்டால் காரணம் சொல்ல முடியும். பலகையிலுள்ள அந்த ஒரு வரிக்கு இடம் உண்டு. அதை விட்டால், அந்நிலையத்தில் தமிழ் படித்து இறங்கியோர் இருந்தனர் என்பதையும் சேர்த்து விட்டவர் ஆவோம். சுருக்கி எழுதும் வரலாற்றுக்கும் இதுவே அளவுகோல். விட்டதற்கு நம்மால் காரணம் சொல்ல முடிகிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வோம். மெல்லிய தூரிகையும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் நம் மாணவருக்குத் தேவைப்படும். அந்த எழுத்துகளை அவர் எழுதிவிட்டுப் பிறகு தண்டவாளத்தை இடட்டும்.